உங்களுக்குத் தெரியுமா? லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்?

2012-ல் வந்த டொயோட்டா 86-க்கு 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், தரையோடு ஒட்டிய உடல். ஆனால் மாட்டி அனுப்பியதோ மிஷலின் பிரைமசி ஹெச்பி, 215/45 ஆர்17. சிக்கனத்துக்குப் பேர்போன ப்ரியஸ் ஹைப்ரிட்டின் 17 அங்குல ரிம்முக்கும் அதே டயர்தான்! காசை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை இது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு யோசித்தே செய்தது. பிடிமானம் அளவாக இருந்தால் மிதமான வேகத்திலேயே பின்பக்கம் லேசாக நழுவும். ஸ்டீயரிங்கைத் திருப்பி அதைச் சமாளிப்பதில்தான் அந்த காரின் சுகமே இருக்கிறது. தேய்ந்ததும் விலை உயர்ந்த, நன்றாக ஒட்டிப் பிடிக்கிற டயரைப் போட்டால் கார் வேகமாக வளையும், மழையில் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். விளையாட்டு மட்டும் கொஞ்சம் குறையும். இரண்டில் எது வேண்டும் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. கடைக்காரரிடம் கேட்டால் கையிருப்பில் இருப்பதைத்தான் சொல்வார்.

●

இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் 2021-ல் கொண்டுவந்த செவன் 170-ன் எடை 440 கிலோதான். எஞ்சின் சுஸுகியின் 660 சிசி. டயரின் அகலம் 155 மில்லிமீட்டர், அதாவது ஜப்பானின் சின்னஞ்சிறு கெய் கார்களின் அளவு. ஓட்டியவர்கள் யாரும் போரடிக்கிறது என்று சொன்னதாகத் தெரியவில்லை.

●

டயரின் பக்கவாட்டில் 195/50 ஆர்15 82வி என்று எழுதியிருக்கிறதா? 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5-இல் பரவலாக இருந்த அளவு அது. அகலம் 195 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம்; ரிம் 15 அங்குலம். ‘வி’ என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது அந்த 82-ஐத்தான். ஒரு டயர் 475 கிலோ சுமக்கும் என்பதற்கான குறியீடு அது. நான்குக்கும் சேர்த்து 1,900 கிலோ. காரோ இரண்டு பேர் உட்கார்ந்தாலும் 1,200 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். டயருக்கு வேலையே இல்லை.

அப்படியிருக்க ‘எக்ஸ்எல்’ என்று பொறித்த, கூடுதல் சுமைக்காகக் கெட்டிப்படுத்திய டயரை இதில் மாட்டினால் என்ன ஆகும்? சுவர் மடங்காது, மேடுபள்ளமெல்லாம் முதுகில் இறங்கும். கனமான காருக்கு அது பலம், லேசான காருக்கு வெறும் விறைப்பு. அதே அளவில் எக்ஸ்எல் இல்லாத டயர் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

●

1989-ல் வந்த முதல் எம்எக்ஸ்-5-க்கு மஸ்தா சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. காற்றடிக்கும் இடத்தில் சொல்லாமல் விட்டால் பழக்கதோஷத்தில் 33 ஏற்றிவிடுவார்கள். கார் துள்ள ஆரம்பித்ததும் பழி புது டயர் மேல் விழும்.

●

அகலமான டயர் போட்டால் அதிக ரப்பர் தரையைத் தொடும் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி. தொடும் பரப்பு ஏறக்குறைய எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதுதான். சக்கரத்துக்கு 250 கிலோ, 26 பிஎஸ்ஐ என்றால் சுமார் 137 சதுர செ.மீ.; ஒரு போஸ்ட்கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பு பெரிதாவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. முன்பின்னாக நீண்டிருந்தது குறுகி, பக்கவாட்டில் விரிகிறது. காய்ந்த சாலையில் வளைவு எடுக்க அதனால் கொஞ்சம் லாபம் உண்டு. தேங்கிய தண்ணீரில் நஷ்டம்: ஒதுக்கித் தள்ளவேண்டிய தண்ணீர் கூடுகிறது, தள்ளக் கிடைக்கிற நேரம் குறைகிறது.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் நாசாவின் கணக்கு ஒன்று உண்டு. 1960-களில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து சொன்னது. பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐக்கு மணிக்குச் சுமார் 96 கி.மீ.; 26-க்குச் சுமார் 85. காருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் டயரின் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றிவிடும். ஆனால் பள்ளம் தேயத் தேய கார் அந்தக் கணக்கை நோக்கித்தான் நகர்கிறது. பிரிட்டனில் சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. குறைந்த அழுத்தத்தில் ஓடும் லேசான காரை மழையிலும் எடுப்பவர் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடலாம்.

●

பந்தயத் தடத்துக்கான, பள்ளம் குறைந்த ‘செமி ஸ்லிக்’ டயர்கள் சூடேறினால்தான் பிடிக்கும். சூடு எங்கிருந்து வருகிறது? எடை அழுத்தி ரப்பர் நெளிவதிலிருந்து. லேசான காரில் அந்த எடை இல்லை. ஆகவே காலை நேரத்து ஈரச் சாலையில் அந்த விலையுயர்ந்த டயர் சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கலாம். கோடைக்கால டயர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரப்பர் இறுகி, பிடிமானம் குறையத் தொடங்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் பலர் இந்தக் கார்களை ஷெட்டிலேயே போட்டு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

●

அமெரிக்காவில் விற்கும் டயரில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். டெக்சாஸின் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில், மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயருடன் தேய்மானத்தை அளக்கும் சோதனை அது. ஒப்பீட்டு டயருக்கு 100. உங்கள் டயரில் 200 என்றிருந்தால் இரு மடங்கு உழைக்கும் என்று பொருள். எண்ணைப் போட்டுக்கொள்வது தயாரிப்பாளரே, அதனால் இரண்டு கம்பெனிகளின் எண்ணை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. எண் குறைந்தால் சீக்கிரம் தேயும் என்று பயப்படவும் வேண்டாம். கனமான காரில் விரைவில் தேய்கிற மென்மையான ரப்பர், லேசான காரில் நின்று நிதானமாக உழைக்கும்.

●

லோட்டஸ் எலீஸின் இரண்டாம் தலைமுறையில் முன்சக்கரம் 175/55 ஆர்16, பின்சக்கரம் 225/45 ஆர்17. எஞ்சின் இருப்பது இருக்கைக்குப் பின்னால். எடையில் பெரும்பகுதி பின்னால் என்பதால் முன் டயரை ஒல்லியாக வைத்து, எல்லை மீறும்போது முதலில் முன்பக்கம் விலகும்படி அமைத்தார்கள். பின்பக்கம் சுழன்று அடிப்பதைவிட அது பாதுகாப்பு. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரைத் திருப்புவதும் சுலபமாகிறது. முன்னால் அகல டயர் போட்டு ‘முன்னேற்றுபவர்கள்’ கலைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

இதற்கென்றே யோகோஹாமா தயாரித்த அட்வான் நியோவா ஏடி07-இல் ‘எல்டிஎஸ்’ என்ற பொறிப்பு இருக்கும், லோட்டஸுக்காகத் தனியாகச் செய்தது என்பதற்கு அடையாளமாக. போர்ஷே டயர்களில் ‘என்’ எழுத்து இருப்பதும் அப்படித்தான். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் இந்த எழுத்து இல்லாவிட்டால் அது வேறு டயர்.

●

175/55 ஆர்16 அபூர்வ அளவு. செய்பவர்கள் கொஞ்சம், கிடங்கில் நாள்பட்டுக் கிடக்கவும் வாய்ப்பு அதிகம். ஆகவே மாட்டுவதற்கு முன் ‘டிஓடி’ எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். வெளிப்பக்கம் காணோம் என்றால் டார்ச்சுடன் காருக்கு அடியில் குனிய வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரில் டயர் தேயாது, காயும். பள்ளத்தின் அடியில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் மேலே எவ்வளவு ரப்பர் மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டும்.

●

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறீர்களா? முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள காரில் புதியவை பின்னால். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் சுழலும்.

●

எம்எக்ஸ்-5-இன் 185/60 ஆர்14-ன் விட்டம் கணக்குப்படி 578 மி.மீ., 195/50 ஆர்15-ன் விட்டம் 576. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ரிம் மட்டும் மாற வேண்டும்.

●

புது டயரின் மேல், அச்சிலிருந்து பிரிப்பதற்காகத் தடவிய வழவழப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வளைவுகளில் நிதானம். வீல் அலைன்மென்டையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்; கோணம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் உள்விளிம்பு முதலில் தேயலாம், வெளியே நின்று பார்த்தால் அது கண்ணில் படாது.