உணராமல் இருப்பதா, நினைவில்லாமல் இருப்பதா

“மயக்கம் குடுத்துப் பண்ணலாமா, ஸ்பிரே மட்டும் போதுமா?” எண்டோஸ்கோபி அறை வாசலில் செவிலியர் கேட்பார். கையில் ஒப்புதல் படிவமும் பேனாவும் இருக்கும். முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்து, உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சொல்வதென்று தெரியாது. கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார். கூட வந்தவர், மயக்கத்துக்குத் தனியாக எவ்வளவு ஆகும் என்று கேட்பார். அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். வாயில் குழாய் விடப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகத் தூங்காதவருக்கு, அந்தப் பயத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான். அந்தக் கேள்வியை முதல் நாளே வீட்டில் வைத்து யோசித்திருக்கலாம். யோசிக்க நிறையவே இருக்கிறது.

இந்தப் பரிசோதனையில் பயம் குடியிருப்பது வயிற்றில் அல்ல, தொண்டையில். நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்மையான அண்ணம், தொண்டையின் பின்சுவர் ஆகிய இடங்களில் வேற்றுப் பொருள் பட்டால், ஒன்பதாவது மூளை நரம்பு அந்தச் செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து பத்தாவது நரம்பான வேகஸ் வழியே உத்தரவு திரும்பி வந்து தசைகள் இறுகும், உமட்டும். நம்மைக் கேட்டுக்கொண்டு நடக்கிற காரியமல்ல இது. மூச்சுக்குழாயின் வாசலை அன்னியப் பொருளிடமிருந்து காப்பதற்கான ஏற்பாடு.

ஆனால் இந்தக் காவல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் காலையில் நாக்கு வழிக்கும்போதே கண்ணில் நீர் முட்டும். சிலருக்கு விரலை விட்டாலும் ஒன்றும் ஆகாது. 1995இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த அனிச்சைச் செயல் வெளிப்படவே இல்லை. வயது ஏற ஏற அது மந்தமாகிறது. அதனால் எண்டோஸ்கோபியைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இளைஞர்களால் முடிவதில்லை. “எழுபது வயசுல நான் சும்மாவே பண்ணிக்கிட்டேன், ஒனக்கு என்னடா?” என்று கேட்கும் மாமாவின் வீரத்தில் பாதி, அவருடைய தொண்டை நரம்புகளின் வயதுக்குச் சேர வேண்டியது. இன்னொன்று, மனப் பதற்றம் இந்த அனிச்சையை முடுக்கிவிடும். பல் மருத்துவரின் நாற்காலியில், கருவி வாய்க்குள் வருமுன்பே குமட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவர்கள் இந்தக் காவலைத் தாண்ட முயன்ற கதை 1868இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் சுவாரசியமாகத் தொடங்குகிறது. அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவருக்கு உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் பார்க்க வேண்டும் என்று ஆசை. வளையாத உலோகக் குழாயை விழுங்க யார் சம்மதிப்பார்கள்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார். தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பழக்கி அனிச்சையை அடக்கிவைத்திருப்பதுதான் அவர்களுடைய தொழில். குழாய் போய்விட்டது, வெளிச்சம்தான் போதவில்லை. வெளியே விளக்கை வைத்து ஒளியை உள்ளே பாய்ச்சிய அந்தக் காலத்தில், இரைப்பைக்குள் அவரால் உருப்படியாக எதையும் பார்க்க முடியவில்லை.

வளையும் கருவிக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லரும் கருவி செய்யும் கியார்க் வொல்ஃபும் சேர்ந்து, கீழ்ப்பாதி மட்டும் வளையும் குழாயை உருவாக்கினார்கள். ஷிண்ட்லர் பரிசோதனை செய்யும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் அவருடைய மனைவி காப்ரியேல். மயக்க மருந்துகள் இன்றுபோல் இல்லாத காலத்தில், அந்தக் கைகளுக்குச் சிகிச்சையில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இன்றும் நல்ல எண்டோஸ்கோபி அறையில், தோளில் கை வைத்தபடி காதருகே பேசிக்கொண்டே இருக்கும் செவிலியர் ஒருவர் இருப்பார்.

முழுக்க வளையும் குழாய் கண்ணாடி இழையால் வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தன் கூட்டாளிகளோடு கருவியைச் செய்து, 1957இல் தானே முதலில் விழுங்கிப் பார்த்தார், அதுவும் தொண்டையை மரக்க வைக்காமலே. வேறு யார் தொண்டையிலும் விடுவதற்கு முன்னால் அதைத் தன் தொண்டையில் விட்டுப் பார்த்தவர் என்பதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்றைய குழாயின் தடிமன் ஏறக்குறைய 9 அல்லது 10 மில்லிமீட்டர். சரியாக மெல்லாமல் விழுங்கும் இட்லித் துண்டு அதைவிடப் பெரிது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைப்பார்கள். உணவுக்குழாயின் மேல்வாசலில் உள்ள தசைவளையம் எப்போதும் மூடியே இருக்கும். விழுங்கும்போது மட்டும், ஒரு விநாடிக்கும் குறைவாகத் திறந்து மூடும். “இப்ப முழுங்குங்க” என்று மருத்துவர் சொல்வது அந்தக் கணத்துக்காக. கடினமான கட்டம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான், சில விநாடிகள். அதைத் தாண்டியதும் உத்தரவு தலைகீழாக மாறும்: “முழுங்காதீங்க, எச்சி வழிஞ்சா வழியட்டும். மூக்கால மூச்சு விடுங்க.”

மூச்சு அடைத்துவிடும் என்பதுதான் பலருடைய நிஜமான பயம். குழாய் போவது பின்னாலிருக்கும் உணவுக்குழாயில். மூச்சுக்குழாய் அதற்கு முன்னால் தனியாக இருக்கிறது, திறந்தே இருக்கிறது. ஆனால் மரத்துப்போன தொண்டை இதை நம்பாது. லிக்னோகெய்ன் ஸ்பிரே அடித்ததும் தொண்டை வீங்கிப்போனதுபோலவும் எச்சில் இறங்காததுபோலவும் தோன்றும். வீக்கம் எதுவும் கிடையாது. நரம்பின் சோடியம் வாயில்களை அந்த மருந்து அடைத்துவிடுவதால் தொடுவுணர்வு மூளைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கசப்பாக இருக்கும், அரை மணியிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் போய்விடும். அதுவரை காபிகூடக் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும்.

இரைப்பையில் சதைத் துணுக்கு எடுப்பது வலிக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இரைப்பையின் உட்தோலுக்குக் கிள்ளுவதும் வெட்டுவதும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் உப்புதல்தான். பார்ப்பதற்காக உள்ளே செலுத்தும் காற்றால் வயிறு உப்பி ஏப்பம் வரும். அதுவே பெரிய தொந்தரவு. நோய் என்ன என்று பார்ப்பதற்கு மட்டுமான பரிசோதனை பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி மயக்கம். ஊசி போட்டால் ஒன்றும் தெரியாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எந்த ஊசி என்பதைப் பொறுத்தது அது. பல இடங்களில் கொடுக்கும் மிடசோலம் ஒரு விசித்திரமான மருந்து. மூளை தன்னைத் தானே அடக்கிவைத்துக்கொள்வதற்கு காபா என்ற வேதிப்பொருளை வைத்திருக்கிறது. அது நரம்பணுவில் போய் ஒட்டும்போது ஒரு வாயில் திறந்து, குளோரைடு அயனிகள் உள்ளே புகுந்து அணுவை அமைதிப்படுத்தும். மிடசோலம் அந்த வாயிலை இன்னும் அடிக்கடி திறக்கவைக்கிறது. பதற்றம் கரையும், கண் சொருகும். ஆனால் கொடுக்கும் அளவு மிதமாக இருந்தால் ஆள் முழுக்கத் தூங்கிவிடுவதில்லை. திரும்பச் சொன்னால் திரும்புவார், விழுங்கச் சொன்னால் விழுங்குவார், சில சமயம் ஓங்கரிக்கவும் செய்வார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபிறகு, “எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்பார்.

அந்த மருந்து புதிய நினைவுகள் பதிவதைத் தடுக்கிறது. ஊசிக்கு முந்தையது எல்லாம் அப்படியே இருக்கும். ஊசிக்குப் பிறகு நடந்தது எழுதப்படாமலே போகும். அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் குமட்டியது யாருக்கு? அனுபவித்தவர் ஒருவர், நினைவில்லாதவர் இன்னொருவர், இருவரும் ஒரே ஆள். தத்துவக்காரர்கள் இதை வைத்து ஒரு வருஷம் சண்டை போடலாம். பரிசோதனைக்குப் போகிறவருக்கு இது நடைமுறைக் கேள்வி. உங்களுக்கு வேண்டியது உணராமல் இருப்பதா, பிறகு நினைவில்லாமல் இருப்பதா?

நினைவு என்பது நடந்ததன் நேர்மையான கணக்கு அல்ல என்று காட்டிய புகழ்பெற்ற ஆய்வும் இதே துறையில்தான் நடந்தது. பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலோனோஸ்கோபி நோயாளிகளிடம், டொரண்டோ மருத்துவர் ரெடெல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் நிமிடத்துக்கு ஒருமுறை வலியின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். 1996இல் அது வெளியானது. பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பின்னால் நினைவில் ஏறக்குறைய எடுபடவே இல்லை. உச்ச வலியும் கடைசிச் சில நிமிடங்களும்தான் நினைவைத் தீர்மானித்தன. பிறகு 682 பேரை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு மட்டும் பரிசோதனை முடிந்தபிறகும் குழாயின் நுனியைச் சிறிது நேரம் அசைக்காமல் உள்ளேயே வைத்திருந்தார்கள். அதாவது அசௌகரியத்தைக் கூட்டினார்கள், ஆனால் முடிவு மென்மையாக இருந்தது. அவர்கள் பட்டது அதிகம், நினைவில் நின்ற வலி குறைவு.

உணரவே கூடாது என்றால் அதற்குரிய மருந்து புரோபோஃபோல். சோயா எண்ணெயிலும் முட்டையின் லெசித்தினிலும் கரைத்திருப்பதால் பால்போல் வெள்ளையாக இருக்கும். இதைக் கண்டுபிடித்த ஜான் கிளென் படிப்பால் கால்நடை மருத்துவர். 2018இல் லாஸ்கர் விருது பெற்றார். நரம்பில் ஏறும்போது கை சற்று எரியும், ஒரு நிமிடத்துக்குள் தூக்கம் வந்துவிடும், நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். தெளியும்போது நன்றாகத் தூங்கி எழுந்த திருப்தி இருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள். இதற்கும் விலை உண்டு. அளவு சற்று மீறினால் மூச்சு நின்றுவிடும், ரத்த அழுத்தம் இறங்கும். மிடசோலத்துக்கு ஃபுளுமாசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. புரோபோஃபோலுக்கு அப்படி எதுவும் இல்லை. மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் தலைமாட்டில் அதற்கென்றே நின்றால்தான் அது பாதுகாப்பு. மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்தது இதே மருந்தால்தான், மருத்துவமனையில் அல்ல, சொந்தப் படுக்கையறையில்.

வேடிக்கை என்னவென்றால், குழாய்க்குப் பயந்து மயக்கம் கேட்கிறோம். ஆனால் சும்மா பார்த்துவிட்டு வரும் எண்டோஸ்கோபியில் குழாய் ஓட்டை போட்டுவிடுவது பல ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது. அரிதாக நேரும் சிக்கல்களில் பெரும்பங்கு மூச்சும் இதயமும் சார்ந்தவை, மயக்க மருந்தோடு தொடர்புடையவை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் அளவுக்குக் குறட்டை விடுபவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், வெகு முதியவர்கள் எல்லாம் இதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான்.

இத்தனைக்கும் பிறகு என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை பார்க்க வேண்டியவர், வயதானவர், குமட்டல் அதிகம் இல்லாதவர், தனியாக வந்து தானே வண்டி ஓட்டிப் போக வேண்டியவர் என்றால் ஸ்பிரே போதும். ஜப்பானில் மயக்கமே இல்லாமல் எண்டோஸ்கோபி செய்துகொள்கிறவர்கள் ஏராளம். மூக்கு வழியே விடும் 5, 6 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் அங்கே வெகு பிரபலம், அது நாக்கின் அடிப்பகுதியில் உரசாததால் குமட்டல் குறைவு. ஆனால் ஈரல் நோயாலோ வேறு காரணத்தாலோ வருஷா வருஷம் குழாய் விட வேண்டியவருக்கு, முதல் முறை பட்ட கசப்பான நினைவே தனி வியாதி. அவர் அடுத்த முறை வராமலே இருந்துவிடுவார். அவர் மயக்கம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இதில் தைரியத்துக்குப் பதக்கம் கிடையாது.

எதைத் தேர்ந்தாலும், காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். பட்டினி குறைவு என்பது மட்டும் காரணமல்ல. கிரெகரி பெர்ன்ஸ் என்ற நரம்பியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், காலில் சிறு மின்அதிர்ச்சி வரும்வரை காத்திருந்தவர்களில் சிலர், காத்திருப்பதைவிடக் கூடுதல் அதிர்ச்சியை உடனே வாங்கிக்கொள்வதே மேல் என்று தேர்ந்தார்கள். வலியைவிட வலி வரப்போகிறது என்பது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. காத்திருக்கும் நேரத்தில் மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டுப் பழகலாம். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது. குமட்ட உத்தரவிடும் அதே நரம்பு.

மயக்கம் வாங்கிக்கொண்டால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முடிவைக் கேட்க, கூட வந்தவரையும் மருத்துவரின் அறைக்குள் அழைத்துப் போய்விடுங்கள். மிடசோலம் இறங்காதவர் கண்ணைத் திறந்து, தலையை ஆட்டி, சந்தேகம்கூடக் கேட்டு எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். வீட்டுக்கு வந்தபிறகு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார்.