மேலதிகாரியுடனான தொடர்பாடல்

மேலதிகாரியுடனான தொடர்பாடல் என்பது, பணியிடத்தில் ஒருவர் தமக்கு மேல் பொறுப்பில் உள்ளவருக்குத் தகவல், ஐயம், கருத்து, மறுப்பு ஆகியவற்றைத் தெரிவிப்பதையும், அவர் இடும் பணிகளைத் தெளிவாகக் கேட்டுப் பெற்றுக்கொள்வதையும் குறிக்கும். இதன் முதற்பகுதி முகாமைத்துவ நூல்களில் மேல்நோக்கிய தொடர்பாடல் எனப்படுகிறது. அலுவலகம், தொழிற்சாலை, மருத்துவமனை, வானூர்தி என எல்லாப் பணியிடங்களிலும் இது நிகழ்கிறது. பணியில் ஒருவர் மீது ஏற்படும் நம்பிக்கை பெரும்பாலும் இதன் வழியாகவே உருவாகிறது. நல்ல செய்தியைச் சொல்வது எளிது. கெட்ட செய்தியைக் காலத்தோடும், கேட்பவருக்குப் புரியும்படியும் சொல்பவர் என்ற பெயரே இந்நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.

தகவல் மேலே செல்லாமைக்கான காரணங்கள்

கட்டளைகள் மேலிருந்து கீழே எளிதில் வருகின்றன. தகவல்களோ கீழிருந்து மேலே அவ்வளவு எளிதில் செல்வதில்லை. மேலதிகாரியின் கையில் பதவி உயர்வும், ஊதிய உயர்வும், இடமாற்றமும் இருப்பதால், அவருக்குப் பிடிக்காததைச் சொல்லப் பணியாளர்கள் தயங்குகின்றனர். கெட்ட செய்தியைச் சொல்லாமல் தவிர்க்கும் இவ்வியல்பை உளவியலாளர்கள் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் ஆகியோர் 1970 இல் ஆய்வு செய்து வெளியிட்டனர்.

ஓர் அமைப்பில் படிநிலைகள் கூடக் கூட இச்சிக்கலும் கூடுகிறது. ஒரு பணியில் பெரும் இடர் உள்ளது எனத் தொழிலாளி கூறுவது, மேற்பார்வையாளரிடம் சிறு சிக்கல் என்றாகி, மேலாளரிடம் கவனத்தில் கொள்ளப்பட்டது என்றாகி, இயக்குநரை அடையும்போது எல்லாம் சரி என்று முடிந்துவிடக்கூடும். இவர்களில் எவரும் பொய் சொல்ல எண்ணியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் சிறிது மென்மைப்படுத்தியதே காரணமாகும்.

பண்பாட்டு வேறுபாடும் இதில் பங்கு வகிக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுப் பணியாளர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளைக் கொண்டு 1980 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிகாரம் சமமின்றிப் பகிரப்படுவதை மக்கள் எந்த அளவுக்கு இயல்பானதாக ஏற்கின்றனர் என்பதை அவர் அதிகார இடைவெளி என்று அழைத்தார். அவருடைய அளவீட்டில் இந்தியா 77 புள்ளிகளுடன் அதிகார இடைவெளி மிகுந்த நாடுகளுள் ஒன்றாக உள்ளது.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

ஏர் புளோரிடா வானூர்தி விபத்து

1982 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள், கடும் பனிப்பொழிவில் வாசிங்டன் நகரிலிருந்து ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தி புறப்பட்டது. உணரிகளில் பனி உறைந்திருந்ததால், இயந்திரத்தின் உந்துவிசை உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாகக் கருவிகளில் காட்டப்பட்டது. ஓடுபாதையில் வானூர்தி விரைந்துகொண்டிருந்தபோதே, கருவிகள் காட்டுவது சரியாகத் தோன்றவில்லை எனத் துணை வானோடி பலமுறை கூறினார். தலைமை வானோடி அதைப் பொருட்படுத்தவில்லை. புறப்படுவதை நிறுத்துமாறு துணை வானோடியும் நேரடியாகக் கேட்கவில்லை. வானூர்தி பாலம் ஒன்றில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. வானூர்தியில் இருந்த 74 பேரும் பாலத்தில் இருந்த 4 பேரும் உயிரிழந்தனர். ஐயத்தைக் குறிப்பாக உணர்த்துவதற்கும், செய்ய வேண்டியதை வெளிப்படையாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விபத்து காட்டுகிறது.

சாலஞ்சர் விண்ணோட விபத்து

தெளிவாகச் சொன்னால் மட்டும் போதாது என்பதற்குச் சாலஞ்சர் எடுத்துக்காட்டாகும். இவ்விண்ணோடத்தின் திண்ம எரிபொருள் உந்துகலங்களை மார்ட்டன் தயோகால் நிறுவனம் தயாரித்தது. அவற்றின் இணைப்புகளில் உள்ள இரப்பர் வளையங்கள் பழுதடைவது உயிரிழப்புக்கு வழிவகுக்கும் என அந்நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜொலி, 1985 சூலை மாதத்திலேயே தம் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்திருந்தார். 1986 சனவரி 27 ஆம் நாள் இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 12 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் ஏவ வேண்டாம் எனப் பொறியாளர்கள் அறிவுறுத்தினர். நாசா அலுவலர்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கலந்துபேசி, பொறியாளர்களின் அறிவுரையை மாற்றி ஒப்புதல் அளித்தனர். மறுநாள் ஏவப்பட்ட 73 ஆவது நொடியில் விண்ணோடம் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் இறந்தனர். ஏவுவதற்கு இறுதி முடிவெடுத்த உயர் அலுவலர்களுக்குப் பொறியாளர்களின் மறுப்பு எட்டவே இல்லை என்பதை விசாரணை ஆணையம் கண்டறிந்தது.

தொடர்பாடல் முறைகள்

மேலதிகாரியின் வழக்கத்தை அறிதல்

முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர், 1967 இல் வெளியான தமது நூலில் மேலதிகாரிகளை வாசிப்பவர், கேட்பவர் என இரு வகையாகப் பிரித்தார். வாசிப்பவருக்கு முதலில் எழுத்தில் கொடுத்து, பின்னர் பேச வேண்டும். கேட்பவரிடம் முதலில் பேசிவிட்டு, பின்னர் எழுத்தில் கொடுக்க வேண்டும். இம்முறை மாறினால், நல்ல கருத்தும் கவனிக்கப்படாமல் போகலாம்.

பணியை உறுதிசெய்துகொள்ளல்

ஒரு பணி கொடுக்கப்பட்டவுடன், தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வது பயனுள்ள வழக்கமாகும். என்ன செய்ய வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், எது முதலில் என்ற மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். வாய்மொழிப் பணிப்புகளால் எழும் குழப்பத்தை இந்திய அரசின் விதிகளும் கருத்தில் கொண்டுள்ளன. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 இன் படி, மேலதிகாரியின் பணிப்பு பொதுவாக எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழியாகப் பணிப்பைப் பெற்ற ஊழியர், இயன்ற விரைவில் அதை எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்க வேண்டும். அவ்வாறு உறுதிசெய்வது மேலதிகாரியின் கடமையாகும். எனவே, எழுத்தில் கேட்பதை அவநம்பிக்கையின் அடையாளமாகக் கொள்ளத் தேவையில்லை.

செய்தியை ஒழுங்குபடுத்தல்

அமெரிக்கக் கடற்படையின் அணுவாற்றல் நீர்மூழ்கிகளில் உருவாகிப் பின்னர் மருத்துவமனைகளுக்குப் பரவிய ஒரு முறையில், செய்தி நான்கு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. செவிலியர் மருத்துவரை அழைக்கும்போது இது பெரிதும் பயன்படுகிறது.

1. நிலைமை: இப்பொழுது நடப்பது என்ன?
2. பின்னணி: இதற்கு முன் நடந்தது என்ன?
3. மதிப்பீடு: சொல்பவர் இதை என்னவென்று கருதுகிறார்?
4. பரிந்துரை: என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்?

இதே ஒழுங்கு அலுவலகத்துக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஒரு கணக்குப் பிரிவு ஊழியர் இவ்வாறு கூறலாம்: "மாத அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. இரண்டு கிளைகளின் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் முடியும் என்று கருதுகிறேன். அந்தக் கிளைகளுக்கு நீங்கள் ஒருமுறை பேச வேண்டும்." இதில் அறிந்த செய்தியும் ஊகமும் கலக்காமல் தனித்தனியே நிற்கின்றன. மேலதிகாரி தாம் செய்ய வேண்டியதை உடனே அறிகிறார்.

கெட்ட செய்தியை முன்கூட்டிச் சொல்லல்

தாமதம், தவறு, இழப்பு ஆகியவற்றை அறிந்தவுடன் தெரிவிப்பது நன்று. மேற்கண்ட ஊழியர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால், மேலதிகாரிக்கு மாற்று ஏற்பாடு செய்ய மூன்று நாட்கள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் சொன்னால் ஒன்றும் செய்ய இயலாது. செய்தி ஒன்றே என்றாலும் முதலாவது உதவியாகவும் இரண்டாவது அதிர்ச்சியாகவும் அமைகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியவரும் என்பதையும் கூறுவது இதன் மற்றொரு பகுதியாகும்.

மறுப்புத் தெரிவித்தல்

மேலதிகாரியின் முடிவில் உடன்பாடு இல்லாதபோது, முடிவையே பேசுபொருளாகக் கொள்ள வேண்டும், முடிவெடுத்தவரை அல்ல. காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொல்வது மறுப்புக்கு வலுச் சேர்க்கும். பிறர் முன்னிலையில் அல்லாமல் தனியே சொல்வது பொதுவாக ஏற்கப்படுகிறது. ஆயினும், உயிருக்கோ பாதுகாப்புக்கோ இடர் உள்ளபோது, இடமும் நேரமும் பார்த்துக் காத்திருத்தல் தகாது.

மேலதிகாரியின் பொறுப்பு

சொல்பவரின் திறமை பாதி எனில், கேட்பவரின் இயல்பு மறுபாதியாகும். வானூர்தித் துறையில் 1979 இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, கீழ்நிலையில் உள்ளவர் துணிந்து சொல்லவும் தலைமை வானோடி செவிமடுக்கவும் பயிற்சி அளிக்கும் முறை உருவானது. யுனைட்டெட் ஏர்லைன்சு நிறுவனம் 1981 இல் இதனை அறிமுகப்படுத்தியது. 1989 சூலை 19 இல் அந்நிறுவனத்தின் வானூர்தி ஒன்று நீரியல் கட்டுப்பாடுகள் அனைத்தையும் இழந்தது. தலைமை வானோடி அல் ஹேன்சு உடனிருந்த அனைவருடைய கருத்தையும் கேட்டுச் செயற்பட்டார். வானூர்தியிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். அதற்கு இப்பயிற்சியும் காரணம் என அவர் பின்னர் கூறினார்.

டொயோட்டா தொழிற்சாலைகளில், குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை அழைக்கலாம். தேவையானால் உற்பத்தி நிறுத்தப்படும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறந்த தலைமை கொண்ட குழுக்களில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாவதைக் கண்டார். அக்குழுக்களில் பிழைகள் மறைக்கப்படாமல் வெளியே வந்ததே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார்.

திருக்குறளில்

திருக்குறளின் பொருட்பாலில் உள்ள மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் 70 ஆவது அதிகாரம், அரசரிடம் பணிபுரிவோர் பழக வேண்டிய முறையைக் கூறுகிறது. அமைச்சு என்னும் 64 ஆவது அதிகாரம், அரசன் ஏற்காவிடினும் உறுதியானதை எடுத்துரைப்பது அமைச்சரின் கடமை என்கிறது. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45 ஆவது அதிகாரம், கடிந்துரைப்பவர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என எச்சரிக்கிறது. முதலிரண்டு அதிகாரங்களும் பணிபுரிவோரை நோக்கியும், மூன்றாவது அரசனை நோக்கியும் அமைந்துள்ளன.