திரையில் நேராக விழும் செய்தி

மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பெறுபவர் அதை எப்போது திறப்பார் என்பது நம் கையில் இல்லை. பத்து நிமிடத்தில் சேவையகத்தை நிறுத்தப்போகிறோம், செய்த வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தின் நாலு அறைக்கும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு யாருடைய முகவரியும் வேண்டாம். இந்த நிமிடம் யார் கணனி முன் இருக்கிறாரோ அவருடைய திரையில் சொல் விழுந்தால் போதும். வெளியே இணையம் அறுந்து கிடந்தாலும் உள்ளே கணனிகளை இணைக்கும் வலையமைப்பு உயிரோடு இருந்தால் இது நடக்கும். கட்டளைவரியில் ஒரே ஒரு வரி தட்டினால் ஆயிற்று.

இதற்கான முதல் கருவிகள் பழையவை. 1971இல் பெல் ஆய்வுகூடத்தில் வெளிவந்த யுனிக்ஸின் முதற் பதிப்பிலேயே ‘ரைட்’ என்ற கட்டளை இருந்தது. அன்று கணனி ஒன்றுதான். அதில் பல முனையங்கள், முனையத்துக்கு ஓர் ஆள். யுனிக்ஸில் அந்த முனையமும் ஒரு கோப்புத்தான். அதில் எதை எழுதினாலும் அது எதிரே இருப்பவரின் திரையில் தெரியும். ‘ரைட்’ செய்வது இவ்வளவே: மற்றவருடைய முனையக் கோப்பைத் திறந்து, நீங்கள் தட்டுவதை வரிவரியாக அதற்குள் எழுதுகிறது. ‘வோல்’ என்ற கட்டளை அதையே உள்ளே இருக்கும் எல்லாருக்கும் ஒரே தடவையில் செய்கிறது. இன்றும் ஒரு லினக்ஸ் சேவையகத்தை நிறுத்தும்போது எல்லார் திரையிலும் தோன்றும் அறிவிப்பு இந்த வழியில் வருவதுதான்.

இருவர் ஒரே நேரத்தில் தட்டினால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால் ஒருவர் தன் பேச்சை முடித்து மற்றவருக்கு விடும்போது ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தனியே இடுவது வழக்கமானது. விடைபெறும்போது அதை இருமுறை இடுவார்கள். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாட் படகில் போகிறவர்கள் வானொலியில் ‘ஓவர்’ சொல்வார்களே, அந்த ஒழுங்குதான் இது. கட்டளையின் கையேட்டுப் பக்கமே இதைப் பரிந்துரைக்கிறது.

கேளாமல் இன்னொருவர் திரையில் எழுதுவது பெரிய அதிகாரம். அதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கட்டளைகளில் மிகவும் பிடித்தது. ‘மெஸ்ஜ்’ என்ற துணைக் கட்டளையும் 1971இலேயே வந்தது. அதனுடன் ‘என்’ என்று சேர்த்துத் தட்டினால் உங்கள் முனையக் கோப்பில் மற்றவர்கள் எழுதும் அனுமதி நீங்கிவிடும். நிர்வாகி மட்டும் அந்தப் பூட்டைத் தாண்டி எழுதலாம். சேவையகம் நிற்கப்போகிறது என்ற செய்தியை யாரும் தவறவிடக் கூடாதல்லவா.

விண்டோஸ் உலகத்தில் ‘நெட் சென்ட்’ இந்த வேலையைச் செய்தது. பெறும் கணனியின் பெயரையும் செய்தியையும் தட்டினால் அங்கே ஒரு சிறு பெட்டி திறக்கும். ஆனால் அதைக் காட்டும் சேவை பல கணனிகளில் இயல்பாகவே திறந்திருந்தது. யார் அனுப்புகிறார் என்றும் அது உறுதிசெய்யவில்லை. 2002 அளவில் விளம்பரக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து, இணையம் வழியாக முகந்தெரியாத கணனிகளில் விளம்பரப் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். 2003 ஒக்டோபரில் அதே சேவையில் கணனியையே கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்றை மைக்ரோசொப்ட் அடைக்க வேண்டி வந்தது. 2004 ஓகஸ்டில் வந்த எக்ஸ்பி இரண்டாம் சேவைப்பொதி அதை இயல்பாக அணைத்தது. விஸ்டாவில் அது இல்லை.

இப்போது விண்டோஸில் மிஞ்சியிருப்பது ‘எம்எஸ்ஜி’. பயனர் பெயரோ, எல்லாருக்கும் என்றால் ஒரு நட்சத்திரக் குறியோ இட்டு, பின்னால் செய்தியைத் தட்ட வேண்டும். பெறுபவர் ‘சரி’ அழுத்தும்வரை காத்திருக்கச் சொல்லும் வசதியும் உண்டு. அவசர வேளையில் அது மிகவும் உதவும். வேறு கணனிக்கு அனுப்ப, அந்தக் கணனி முன்கூட்டியே இசைவு தந்திருக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான விண்டோஸ் பதிப்புகளில் இந்தக் கட்டளை கிடையாது.

யுனிக்ஸ் பக்கமும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. திரைக்குப் போகும் எழுத்துகளோடு திரையை ஆட்டுவிக்கும் மறைகுறிகளையும் கலந்துவிட முடியும் என்பதால் ‘ரைட்’ அவற்றை வடிகட்டும். லினக்ஸின் ‘வோல்’ கட்டளையில் அந்த வடிகட்டி ஒரு வழியில் 2013 முதல் தவறிப்போயிருந்தது. அது 2024 மார்ச்சில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

‘ரைட்’ கட்டளையின் வடிகட்டி தமிழுக்கும் தடையாக நின்றது. யூனிகோடின் யுடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. ‘மாங்கேணி’ என்ற ஊர்ப் பெயரை எழுதினால் 8 குறியீடு, 24 பைட். பழைய ‘ரைட்’ ஆங்கிலத்துக்கு அப்பாற்பட்ட ஒவ்வொரு பைட்டையும் ஐயத்துக்குரியதாகக் கருதி, ‘எம்’ எழுத்தும் சிறு கோடுமாக உடைத்துக் காட்டும். ஊர்ப் பெயர் ஒரு வரிச் சிதைவாகத்தான் போய்ச் சேரும்.

முகவரி கேளாமல், இந்த நேரம் இங்கே இருக்கும் எல்லாருக்கும் சொல்வது எவ்வளவு பெறுமதியானது என்பது மட்டக்களப்புக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை 6.58க்கு சுமாத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. கிழக்குக் கரையை அலை தொட இரண்டு மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் இருந்தது. பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதிர்வைச் சில நிமிடங்களிலேயே கண்டது. ஆனால் அந்தச் சேதி மாங்கேணி வாடிகளுக்கு வந்துசேர வழியே இருக்கவில்லை. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2009இல் டயலொக் நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய எச்சரிக்கை வலையமைப்பு, குறுஞ்செய்தியோடு செல் ஒலிபரப்பையும் பயன்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டது. குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே போக வேண்டும். இலட்சக்கணக்கில் அனுப்பும்போது வழி அடைபட்டுவிடும். செல் ஒலிபரப்பு அப்படியல்ல. கோபுரம் ஒரு தடவை சொல்கிறது. அதன் எல்லைக்குள் செயல்நிலையில் இருக்கும், இந்த வசதி இயக்கப்பட்ட கைத்தொலைபேசிகள் எல்லாம் கேட்கின்றன. யாருடைய இலக்கமும் தேவையில்லை. ‘வோல்’ செய்வதைக் கோபுரம் செய்கிறது.

‘மெஸ்ஜ்’ போட்ட பூட்டு இங்கேயும் உண்டு. பல கைத்தொலைபேசிகளின் அமைப்புகளுக்குள் அவசர எச்சரிக்கைகள் என்ற பகுதி இருக்கும். அதை அணைத்தும் வைக்கலாம். கரையில் இருப்பவர்கள் அதைத் திறந்து, இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.