வயசு பன்னிரண்டு, எலும்புக்கு எத்தனை வயசு?

"டாக்டர், பையனுக்குப் பன்னிரண்டு ஆச்சு, க்ளிப் போட்டுடலாமா?" பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. பல்லை வரிசைப்படுத்த மட்டும் என்றால் வயசு பெரிய தடை இல்லை, பெரியவங்களுக்கும் போடறோம். கீழ்த்தாடை உள்ளடங்கி இருந்தால்தான் விஷயம் வேறு. தாடையை முன்னே கொண்டுவரும் கருவிகள், உடல் சட்டென்று வளரும் பருவத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

அந்தப் பருவம் பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதில், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதில் உச்சத்துக்கு வரும். இது சராசரிக் கணக்குதான். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். அதனால் பிறந்த தேதியை விட்டுவிட்டு எலும்பைப் பார்க்கிறோம்.

பழைய வழி, இடது கை எக்ஸ்ரே. அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் பிள்ளைகளின் படங்களை வைத்து க்ரூலிக், பைல் இருவரும் 1950-இல் வெளியிட்ட அட்லஸ் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரல் அடியில் எள்ளு மாதிரி ஒரு குட்டி எலும்பு தெரிய ஆரம்பித்தால், வளர்ச்சி உச்சம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பலர் பார்ப்பது கழுத்தெலும்பை. க்ளிப் சிகிச்சைக்கு எப்படியும் முகத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்போம். அதிலேயே கழுத்தும் விழும், தனிப் படம் வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எலும்புகளின் அடிப்பக்கம் சின்ன வயசில் தட்டையாக இருக்கும்; வளர வளர ஒவ்வொன்றாகக் குழியும். மொத்தம் ஆறு நிலைகள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்தான் தாடை வேகமாக வளரும். ஆனால் ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் வேறு வேறு நிலையாகப் படிப்பதும் உண்டு.

அப்போ பல்லே சொல்லாதா? 1973-இல் டெமிர்ஜியன் குழுவினர் கீழ்த்தாடையின் ஏழு பற்களை, பல்லின் தலைப்பகுதியும் வேரும் உருவாகும் அளவை வைத்து எட்டு நிலைகளாகப் பிரித்தார்கள். வயதைக் கணிக்க அது உதவும். ஆனால் பல்லும் எலும்பும் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. பல்லை மட்டும் நம்பித் தாடைச் சிகிச்சையைத் தொடங்க மாட்டேன்.

பெண் குழந்தை வயசுக்கு வந்துவிட்டால் உச்ச வேகம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். அதனால், தாடை உள்ளே இருக்கிற மாதிரி தோன்றினால், "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும்" என்று காத்திருக்காதீங்க. ஒன்பது, பத்து வயசிலேயே ஒருமுறை காட்டிடுங்க. கருவி உடனே போட வேண்டியிருக்காது. எப்போது போடணும் என்பதாவது தெரியும்.