இரண்டு மாத மழை, ஒரு வருஷச் சாப்பாடு

அரசு ஊழியர்கள் நடுவே வெகுகாலமாக ஒரு மிரட்டல் உண்டு: ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்.’ அது எந்தக் காடு என்று கேட்டால் பலரும் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைத்தான் காட்டுவார்கள். அதிலிருந்து 1985-ல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று விரியும் கரிசல் சீமை, அந்தப் பேச்சை அதிகம் கேட்டு வளர்ந்த பகுதி.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. எப்போதும் குடையோடு நடப்பவர்களின் ஊர் என்று பெயரெடுத்த ஓர் ஐரோப்பியத் தலைநகரைவிட நம் அருப்புக்கோட்டைச் சீமைக்கு மழை கூடுதல்! அது வந்து சேரும் விதம்தான் வேறு. லண்டனில் வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் தூறும். குளிர் அந்த ஈரத்தைக் காப்பாற்றிக்கொடுக்கும். இங்கே ஏறத்தாழப் பாதி மழை ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிச் சில அடைமழை நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சக் காலம் வெயிலின் ஆட்சி. வந்த மழையை வருஷம் முழுக்க எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் இந்த ஊர்களின் மூளை வேலை செய்திருக்கிறது. நிலமும் அடுப்பும் விளையாட்டும் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன.

முதலில் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் கரிசல், முதல் மழையை அந்த வெடிப்புகள் வழியே அடிவரை குடித்துவிடும். பிறகு உப்பி மூடிக்கொள்ளும். மழை நின்று வாரங்கள் கழிந்தும் பருத்திச் செடியின் வேர் கீழே ஈரத்தைக் கண்டுபிடிப்பது இதனால்தான். கிணறும் வாய்க்காலும் இல்லாமல் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் எல்லாம் மானாவாரியாக விளைகின்றன. குதிரைவாலியை மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. அதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். இந்தப் பருத்தியை நம்பித்தான் அருப்புக்கோட்டையில் நூற்பாலைகளும் தறிகளும் வளர்ந்தன.

ஆறு என்றால் முக்கியமாகக் குண்டாறுதான். மேற்கே மலைச்சரிவில் பிறந்து திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் மணல். ஓடுகிற அந்தச் சில நாட்களில் தண்ணீரைப் பிடிப்பதற்காகவே, ஒன்று நிறைந்து கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும்படி கண்மாய்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். குடிக்க ஊருணி தனி. இன்று அருப்புக்கோட்டைக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது.

குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. சுந்தரர் தேவாரம் பாடிய திருமேனிநாதர் கோயில் அங்கே உண்டு. 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்ததும் இந்த ஊரில்தான். மாசிப் பௌர்ணமிக்கு முந்திய நாட்களில் கோயில் தெப்பக்குளத்தில் நீர் படிப்படியாக ஏறுவதைச் சிறுவர்கள் வேடிக்கை பார்த்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அருணாசலத்துக்குப் போவதற்கு முன்பு மதுரையில் பள்ளிப் பையனாகக் கால்பந்தும் மல்யுத்தமும் நீச்சலுமாகத் திரிந்தவர் அவர் என்பது பலருக்கும் தெரியாது.

இனி அடுப்பங்கரை. இந்தச் சீமையை ஒரே ஒரு காயை வைத்து அறிமுகப்படுத்தச் சொன்னால் நான் அதலைக்காயைத்தான் சொல்வேன். யாரும் விதைப்பதில்லை. கரிசலுக்கு அடியில் கிழங்காக வெயில் காலம் முழுக்கத் தூங்கி, மழை விழுந்ததும் வரப்பிலும் பருத்திக்கு இடையிலும் தானாகக் கொடி விடும். பாகல் குடும்பம்தான், ஆனால் விரல் நுனி அளவுக் காய், கசப்பும் பாகலைவிட மெல்லியது. பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். போட்டுவைத்தால் வெடித்துவிடும், தண்ணீரில் ஊறவைத்தாலும் வெடிக்கும். இரண்டு முனையையும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கினால் கம்மஞ்சோற்றுக்கு அதைவிட வெஞ்சனம் கிடையாது. புளிக்குழம்பில் போட்டால் மறுநாள் இன்னும் ருசிக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரைதான் வரத்து. மதுரை, விருதுநகர், கோவில்பட்டி சந்தைகளைத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாது. வேகமாக வெடிக்கும் காய் என்பதால் தூரத்துக்கு லாரி ஏறுவதில்லை.

அதலைக்காய்க்கு நேர் எதிர் மிதுக்கங்காய். அதுவும் தானாக முளைப்பதுதான், ஆனால் வருஷம் முழுக்க வைத்திருக்கலாம். நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் உலர்த்தி வற்றலாக்கிவிடுவார்கள். சீனியவரைக்காய் வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய் எல்லாம் அதே கதை. மண் மழையைச் சேமிப்பதுபோல் இந்தச் சீமைப் பெண்கள் காயைச் சேமித்தார்கள். சித்திரையில் தோட்டத்தில் பச்சை இல்லாதபோது, ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பானைக்குள் கார்த்திகை இருக்கும். காலையில் நீச்சத்தண்ணி, மத்தியானம் கம்மங்கூழோ குதிரைவாலிச் சோறோ, என்றாவது ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. இவற்றையெல்லாம் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிய நகரங்கள்தான் இன்று அதே குதிரைவாலியைச் சிறுதானியம் என்று பாக்கெட்டில் வாங்குகின்றன. அருப்புக்கோட்டைக் கடைவீதியில் காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய், ராத்திரிப் பரோட்டா என்று எல்லாம் கிடைக்கும். அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

விளையாட்டில் கபடியும் கைப்பந்தும் ஊருக்கு ஊர் உண்டு. பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதும் வழுக்குமரம் ஏறுவதும் சில ஊர்களில் இன்னும் நடக்கின்றன. ஆனால் சீமையே திரண்டு வருவது மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்துக்குத்தான். அறுப்பு முடிந்து கோயில் பொங்கல் தொடங்கும் மாதங்களில், விடியற்காலையில், தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்வார்கள். எல்கையில் திரும்பும்போது முதலில் கொடி வாங்கிய சாரதிக்கும் தனி மரியாதை உண்டு. வண்டியில் இருப்பவர் ஓட்ட, துணைச் சாரதி மாட்டோடு மாடாகக் கூடவே ஓடுவார். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

ஓட்டத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? மழைக்குப் பிறகு கரிசலில் உழவுப் பதம் சில நாட்கள்தான். முந்தினால் சேறு, பிந்தினால் கட்டாந்தரை. அந்த நாட்களுக்குள் உழுது முடிக்கும் வேகமான மாடு வைத்திருந்தவனுக்கு விளைச்சல் நிச்சயம். அந்தப் பெருமைதான் சாலைக்கு வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். டிராக்டர் உழுகிற இந்தக் காலத்தில் பந்தயத்துக்காக மட்டுமே மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பருத்திக்கொட்டையும் உளுந்தும் ஊட்டிப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வருத்தம் தரும் விஷயம் கண்மாய்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் நீர்ப்பரப்பு தெரிய வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். மரத்தை ஒரேயடியாக ஒழித்துவிடச் சொல்வது அவர்களுக்கு நியாயமாகாது. ஆனால் கண்மாயின் உள்வாயும் வரத்துக்காலும் மரத்துக்கான இடங்கள் அல்ல. கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து காவிரி வெள்ளத்தைக் குண்டாறுவரை கொண்டுவரும் இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாயின் நீளம் 262 கிலோமீட்டர். அந்தத் தண்ணீர் என்றைக்கு வந்தாலும் அதைப் பிடித்து வைக்க இதே கண்மாய்கள்தான் வேண்டும். தூர்வாரும் வேலையைக் கால்வாய் வரும்வரை தள்ளிப்போடுவது தவறு.

இன்னொரு கவலையும் உண்டு: வரப்பில் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் கூடினால் முதலில் போவது அதலைக்கொடி. சந்தையில் அதற்கு விலை இருந்தால்தான் சம்சாரி அதை விட்டுவைப்பார். கார்த்திகையிலோ மார்கழியிலோ ஒரு நடை வாருங்கள். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை இருக்கிறது. விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் திருச்சுழியும் உண்டு. சந்தையில் அதலைக்காயைக் கூறு கட்டி வைத்திருக்கும் பாட்டியிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். எப்படிச் சமைப்பது என்று அவரிடமே கேளுங்கள், சொல்லித் தருவார்.