ஒற்றைக் கண்ணும் பறந்து வரும் பந்தும்

ஒரு கையில் பேனா, மறு கையில் அதன் மூடி. இப்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். கைகளை நன்றாக நீட்டி, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மூடியை மாட்டுங்கள் பார்ப்போம். முதல் தடவையில் பெரும்பாலும் மாட்டாது. மூடி பேனாவுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். இரண்டு கண்களையும் திறந்தால் உடனே மாட்டிவிடும்.

கையில் இருக்கும் பேனாவுக்கே இந்தப் பாடு! பறந்து வரும் கால்பந்தை ஒற்றைக் கண்ணால் பிடிக்க முடியுமா? பிடித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ்.

1937-இல் ஷெஃபீல்டில் பிறந்த பேங்க்ஸ், பள்ளியை விட்டதும் நிலக்கரியை மூட்டை கட்டும் வேலை பார்த்தார். பிறகு செஸ்டர்ஃபீல்டு, லெஸ்டர் சிட்டி, ஸ்டோக் சிட்டி அணிகளுக்குக் கோல்கீப்பரானார். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது கோலைக் காத்தவர் அவர்தான். 1970-இல் மெக்சிகோவில் பிரேசிலின் பெலே தலையால் முட்டிய பந்து தரையில் குத்தி எழும்பியது. கோல் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பேங்க்ஸ் வலப்பக்கம் பாய்ந்து, கையால் தட்டிக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டார்! அந்தத் தடுப்பை இன்றும் பேசுகிறார்கள். எனக்கோ அதற்குப் பின்னால் நடந்ததுதான் இன்னும் பெரிய வியப்பு.

1972 அக்டோபரில் ஒரு கார் விபத்து. வலக்கண் பார்வை போய்விட்டது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஆட்டத்தை விட்டு விலகினார்.

ஒரு கண் போனால் என்ன குறையும்? நம் கண்கள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் இடம் மாறித் தாவும். அந்தத் தாவலை அளந்துதான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. விரல் தள்ளிப் போகப் போகத் தாவலும் குறையும். ஆகவே இந்தக் கணக்கு மிகவும் உதவுவது பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு. பந்து கைக்கு வந்து சேரும் அந்தக் கடைசி நொடியில்தான் கோல்கீப்பருக்கு அது வேண்டும்! போதாக்குறைக்கு, வலப்பக்க ஓரக்காட்சியும் மறைந்துவிடும். மூக்கு குறுக்கே நிற்கிறதல்லவா? தலையைத் திருப்பினால்தான் அந்தப் பக்கம் தெரியும்.

ஆனால் மூளையிடம் வேறு கணக்குகளும் உண்டு. நம்மை நோக்கி வரும் பந்தின் உருவம் விழித்திரையில் வளர்ந்துகொண்டே வரும். தூரம் பாதியானால் உருவம் இரண்டு மடங்காகும். அது எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே, பந்து எப்போது வந்து சேரும் என்று மூளை சொல்லிவிடும். அதற்கு ஒரு கண் போதும். பந்தின் நிழலும் தலையை அசைக்கும்போது காட்சி நகரும் விதமும் துணைக்கு வரும். பழகப் பழக மூளை இவற்றையே கூடுதலாக நம்பக் கற்றுக்கொள்ளும்.

1977-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணிக்காகப் பேங்க்ஸ் மறுபடியும் கையுறை மாட்டினார். வயது 39, பார்வை ஒரே கண்ணில். அந்த ஆண்டு வட அமெரிக்க லீக்கின் சிறந்த கோல்கீப்பர் அவர்தான்!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு துணிப்பந்தை நண்பர் மெதுவாக வீசட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை பிடியுங்கள். முதல் ஐந்தில் எத்தனை பிடித்தீர்கள், கடைசி ஐந்தில் எத்தனை என்று குறித்து வையுங்கள்.