எடைத்தராசும் ஓ.டி.பி.யும்

கைத்தறிக் காலத்தில் ஆந்திர எல்லையோரத்து அம்மையார்குப்பத்துத் துணி முதலாளிக்குத் திருட்டு பயத்தைவிட எடை பயம்தான் அதிகம். நூல் அவருடையது. நெய்வது நெசவாளி வீட்டில். பாவும் ஊடையும் அந்த வீட்டுக்குள் போன பிறகு எவ்வளவு சேலையானது, எவ்வளவு வேறு கை மாறியது என்று பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா? தறிக்கு ஒரு ஆளைக் காவலுக்குப் போட்டால் லாபம் முழுக்க அவன் சம்பளத்துக்கே போய்விடும். அதனால் திண்ணையில் ஒரு தராசை வைத்தார்கள். கொடுக்கும்போது நூல் எடை, வாங்கும்போது துணி எடை, நடுவில் சேதாரத்துக்குக் கொஞ்சம் கழிவு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். கஞ்சியை அதிகம் ஏற்றி எடையைச் சரிக்கட்டப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்குத் துணியை இரண்டு விரலில் கசக்கிப் பார்க்கிற கணக்குப்பிள்ளை இருந்தார். (தராசு யார் கையில் இருந்ததோ அவர் பக்கம் சாய்ந்ததும் உண்டு. அதை நெசவாளி வீடுகளில்தான் கேட்க வேண்டும்.)

ராத்திரி கடை சாத்துவதற்கு முன் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றி, கல்லாவில் உள்ள ரொக்கத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கை. கால் ரூபாய் உதைத்தாலும் விளக்கு அணையாது.

இப்போது ஊரில் கேட்பது பவர்லூம் சத்தம். லுங்கியும் காட்டன் சேலையும் லாரியில் போகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் நகரியிலும் இதே சத்தம்தான். ஆனால் கடையின் உயிர் கல்லாப்பெட்டியிலிருந்து மேசை மேல் உள்ள கம்ப்யூட்டருக்கும் சட்டைப்பையில் உள்ள போனுக்கும் மாறிவிட்டது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்ன வியாபாரியும் டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நூல் ஆர்டர் வாட்ஸப்பில், மில்லுக்குப் பணம் நெட் பேங்கிங்கில், கூலி யு.பி.ஐ.யில்.

பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று இப்படிப்பட்ட ஒரு கடையில் கேட்டால், முதலில் கை நீளுவது வாசலில் உள்ள சி.சி.டி.வி. பக்கம். நாலு கேமராவுக்கு முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ ஆகியிருக்கும். அதே மேசையில் மானிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். ஓ.டி.பி. வருகிற போன் கடைப் பையனிடம் இருக்கும். முதலாளி கேமராவுக்குச் செலவழித்தது தப்பில்லை, குடோனில் நூல் மூட்டை இருக்கிறதே. ஆனால் இன்றைக்கு அவரைக் கவிழ்க்கக்கூடியவன் குடோன் பக்கமே வரமாட்டான்.

வழக்கமாக நடப்பது இதுதான்: மில்லின் மெயிலை எவனோ திறந்து படித்துக்கொண்டே இருக்கிறான். பில் போகிற நேரம் பார்த்து, “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று அதே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வருகிறது. வியாபாரி போட்டுவிடுகிறார். பத்து நாள் கழித்து மில்லிலிருந்து போன்: “பணம் இன்னும் வரலையே?”

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவை போனால் ஏழு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கலாம் என்றால், வருஷத்துக்கு எழுபதாயிரம் ரூபாய் ஆபத்து. இதைத் தடுக்க எவ்வளவு செலவழிக்கலாம்? அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர்களாக இருந்த லாரன்ஸ் கோர்டனும் மார்ட்டின் லோபும் 2002-இல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வகை ஆபத்துகளில், எதிர்பார்க்கும் நஷ்டத்தில் சுமார் 37 சதவீதத்துக்கு மேல் காவலுக்குச் செலவழிப்பது கட்டுப்படியாகாது. எழுபதாயிரத்துக்கு அது கிட்டத்தட்ட இருபத்தாறாயிரம். அதுவும் உச்சவரம்புதான். நம் வியாபாரிக்கு அவ்வளவுகூட வேண்டாம். கணக்கு மாறியது என்று கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் நம்பரை விட்டுவிட்டு, பழைய டைரியில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு மில் மேனேஜரின் குரலைக் கேட்டுவிட்டால் போதும். செலவு ஒன்றுமில்லை. எந்தப் பெட்டியிலும் போட்டு விற்க முடியாத காவல் என்பதால் இதைச் சொல்லித்தர எந்த விற்பனைப் பிரதிநிதியும் வருவதில்லை.

பெரிய இடங்களிலும் கதை இதேதான். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்கிலிருந்து, வங்கிகள் தங்களுக்குள் பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள் துபாய், துருக்கி, சீனாவுக்குப் பறந்தன. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். போன பணத்துக்கான ஒப்புகைச் சீட்டை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனபோதும் பிரிண்டர்தான் முதலில் ஊமையாயிற்று. சிட்டி யூனியன் பேங்கில் விஷயம் பிடிபட்டது மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது. பழைய கணக்குப்பிள்ளைகள் ராத்திரி செய்த அதே வேலை. துபாய்க்குப் போன தொகையை உடனே மறிக்க முடிந்ததும் அதனால்தான்.

டேலி இருக்கிறதே என்று அந்த வேலையை மாதக் கடைசிக்கு, ஆடிட்டர் கேட்கும் நாளுக்குத் தள்ளிவிட்ட கடைகள் எத்தனையோ. என்னைக் கேட்டால், இந்த ஊர் வாங்கவேண்டிய முதல் ‘சாஃப்ட்வேர்’ ராத்திரி பத்து நிமிஷம்தான்.

அடுத்தது பேக்கப். 2017 மே 12-இல், கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் பரவியபோது சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்களே பூட்டிக்கொண்டன. சித்தூர் என்றால் இங்கிருந்து பக்கத்து ஊர் மாதிரி. திறக்க 300 டாலர் கேட்டது அந்த நிரல். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே இலவசமாகக் கொடுத்திருந்தது. ஆனால் திருட்டு விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அப்டேட்டை நிறுத்தித்தான் வைத்திருப்பார்கள். லைசென்ஸில் மிச்சம் பிடித்தது அங்கே போய் நிற்கிறது. ஒரு ஹார்டு டிஸ்க்கை வாங்கி, வாரம் ஒருமுறை டேலியைப் பதிந்து, பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டால், எவன் பூட்டினாலும் ஒரு வாரக் கணக்கோடு போகும். செருகியபடியே விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் முதலாளி கணக்கு. தறி ஓட்டுகிறவரின் கூலியும் இப்போது போனில்தான் வருகிறது. அவருக்கு ஐயாயிரம் போனால் வங்கிக்கு அது தூசு, வீட்டுக்கு ஒரு வார அடுப்பு. யு.பி.ஐ.யில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, “பணம் அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்” என்று ஏமாற்றும் வித்தை ஓடிக்கொண்டே இருந்தது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை என்பதைப் பலரும் நஷ்டப்பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். தனிநபர் தனிநபரிடம் இப்படிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. எடுத்துவிட்டது. மேலே ஒரு இடத்தில் மூடினால் கீழே கோடிப் பேருக்குச் செலவில்லாத காவல். இதை முன்பே செய்திருக்கலாம்.

மற்றபடி தறி ஓட்டுகிறவர் கையில் இருப்பவை சில: போனோடு இணைந்த கணக்கில் வாரச் செலவுக்கு மட்டும் வைத்து, மீதியை யு.பி.ஐ. இல்லாத இன்னொரு கணக்கில் போடுவது. வாட்ஸப்பில் ஆறு இலக்க பின் வைப்பது. பணம் போய்விட்டால் மானத்துக்குப் பயந்து ராத்திரியெல்லாம் யோசிக்காமல் அப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுவது. பணம் கணக்கு கணக்காகத் தாவி ஏ.டி.எம்.மில் வெளியேறுவதற்குள் சொன்னால்தான் நடுவில் எங்காவது நிறுத்த முடியும்.